கடைக் கல்லில் தெரிவது பவளமா, கடற்பஞ்சா? மதுரையில் புதைபடிவம் தேடுவோர் வரவும்

தல்லாகுளத்தான்:
வணக்கம். ஹால் சுவரில் பதிக்கக் கல் பார்க்கலாம் என்று சுற்றுச்சாலைப் பக்கம் ஒரு மார்பிள் கடைக்குப் போயிருந்தோம். ஜூரா பெய்ஜ் என்று ஒரு ஸ்லாப் காட்டினார்கள். ஜெர்மனியிலிருந்து வருகிறதாம். வெளிர் மஞ்சள் கல். அதில் ஆங்காங்கே ஒரு சாண் அகலத்துக்குக் கிண்ண வடிவில் பழுப்புக் கறைகள், ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் வெளுப்பாக ஒரு தடித்த மேலோடு. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு முனை கூரான பழுப்புக் குச்சி. மூலையில் ஒரு சுருள் சங்கு குறுக்காக அறுபட்டுக் கிடக்கிறது. கடைப் பையன், "எல்லாம் பவளம் சார், பல கோடி வருஷம்" என்று அதற்கும் சேர்த்து விலை சொல்கிறான். ராமேஸ்வரத்தில் பார்த்த பவளக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சந்தேகசாமி:
முதலில் அது கல்தானா என்று பாருங்கள். இப்போது வரும் டைல்ஸில் எந்தக் கல்லையும் அப்படியே பிரிண்ட் அடித்துவிடுகிறார்கள். நாலு டைல்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே சங்கு அதே மூலையில் மறுபடி வரும். எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே சங்கு வாசலிலிருந்து பந்தி நடக்கும் இடம் வரை வரிசையாகப் போகிறது.

பாலிஷ் பாண்டி:
ஓரத்தைப் பாருங்கண்ணே. பிரிண்ட் என்றால் மேலே மட்டும்தான் படம், ஓரம் ஒரே நிறமாக இருக்கும். கல் என்றால் மேலே தெரிகிற கோடு அப்படியே ஓரத்தில் இறங்கும். மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும், ஆனால் பாலிஷ் போய்விடும், கடைக்காரன் சண்டைக்கு வருவான். உடைந்த துண்டு கேட்டு வாங்கி அதில் விட்டுப் பாருங்கள்.

தல்லாகுளத்தான்:
ஓரம் பார்த்தாயிற்று. கிண்ணத்தின் கோடு ரெண்டு செண்டிமீட்டர் தடிமனிலும் இறங்குகிறது. துண்டு வாங்கி வந்து வினிகரும் விட்டேன், நன்றாகவே நுரைத்தது. கல்தான்.

பாறைப்பித்தன்:
பையன் வயதைச் சரியாகத்தான் சொல்கிறான், ஆளை மாற்றிவிட்டான். இந்தக் கல் தெற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் ட்ராய்ஷ்ட்லிங்கன் வட்டாரக் குவாரிகளில் அறுப்பது. ஜுராசிக் காலத்தின் பிற்பகுதி, சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி. நீங்கள் பார்த்த கிண்ணங்கள் கடற்பஞ்சுகள், அதாவது தண்ணீரை வடிகட்டி உண்ணும் கடல் விலங்குகள். அவற்றின் மேல் படிந்த வெளுத்த மேலோடு நுண்ணுயிர்களின் வேலை. கூரான குச்சி பெலம்னைட், கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருள் அம்மோனைட், அதுவும் அழிந்துபோன கணவாய்ச் சொந்தம்தான்.

பவளமா, கடற்பஞ்சா என்று பார்க்க எளிய வழி உண்டு. பவளத்தைக் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் தடுப்புச் சுவர்கள் தெரியும். இந்த வகைக் கடற்பஞ்சில் அவை இருக்காது. தடித்த சுவர், நடுவில் ஒரு பள்ளம் (இப்போது அதில் கடலடிச் சேறு இறுகியிருக்கும்), சுவருக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுணுக்கமான வலைப்பின்னல். துண்டைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள். கிண்ணத்தைக் கிடைமட்டமாக அறுத்திருந்தால் வளையமாகத் தெரியும், செங்குத்தாக அறுத்திருந்தால் கிண்ணமாகவே தெரியும். உங்கள் ஸ்லாப் செங்குத்து அறுப்பு.

இப்படிக் கடற்பஞ்சுகள் கடலடியில் மேடாகக் கட்டிய திட்டுகள் ஒரு ஊர்ச் சமாச்சாரம் இல்லை. அன்றைய டெத்திஸ் கடலின் வடகரையோரமாக, இன்றைய ஸ்பெயினிலிருந்து ருமேனியா வரைக்கும் விட்டுவிட்டு ஓடுகின்றன. மொத்த நீளம் ஏறக்குறைய 7000 கிலோமீட்டர் என்பார்கள்.

மேலூர் டீச்சர்:
ஒரு சந்தேகம். ஜுராசிக் கடற்பஞ்சுகளில் பெரும்பாலானவை உடலைத் தாங்கும் சிலிக்கா நுண்முட்கள் கொண்டவை என்றுதான் படித்திருக்கிறேன். சிலிக்கா என்றால் வினிகருக்கு நுரைக்கக் கூடாதே?

பாறைப்பித்தன்:
நல்ல கேள்வி டீச்சர். உயிரோடு இருந்தபோது முட்கள் சிலிக்காதான், அதுவும் ஓப்பல் வகை. அது மண்ணுக்குள் நிலைக்காது, மெல்லக் கரைந்துவிடும். ஆனால் கரைவதற்கு முன்பே ஒரு வேலை நடந்துவிடுகிறது. செத்த பஞ்சின் சதை அழுகும்போது அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் சுண்ணாம்பைப் பொடியாகப் படியவைத்து உடலை அப்படியே இறுக்கிவிடுகின்றன. இந்தத் துறைக்காரர்கள் இதைக் கடற்பஞ்சு மம்மி என்றே சொல்கிறார்கள். பிறகு முட்கள் கரைந்த இடத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் வந்து நிரம்புகிறது. கரைந்து போன சிலிக்கா வேறு இடத்தில் உருண்டு திரண்டு சிக்கிமுக்கிக் கல்லாகிறது. அதனால்தான் உங்கள் வினிகர் நுரைக்கிறது.

மேலூர் டீச்சர்:
சரி, அது புரிந்தது. ஆனால் "கடற்பஞ்சுத் திட்டு" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித்தருவது, திட்டைக் கட்டுவது பவளம், கடற்பஞ்சு அதில் குடியிருக்கும் என்பதுதான். மன்னார் வளைகுடாவிலும் அப்படித்தானே?

பாம்பன்காரன்:
குடியிருக்கிறதா, வீட்டை இடிக்கிறதா என்று எங்கள் பக்கம் வந்து பாருங்க டீச்சர். கரையில் ஒதுங்கும் சிப்பியில், சங்கில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது துளையிடும் கடற்பஞ்சு. உயிருள்ள பாரையும் (பவளத்திட்டைத்தான் சொல்கிறேன்) அதேபோல உள்ளுக்குள் குடைந்துகொண்டே போகும். மேலே பார்த்தால் பவளம் திடமாகத் தெரியும், காற்றடிக்கும் காலத்தில் அலை மோதினால் மளுக்கென்று ஒடியும்.

பாறைப்பித்தன்:
பாம்பன்காரர் சொல்வது இன்றைய நிலவரம். பழைய கணக்கு வேறு, டீச்சர். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலங்குகளில் பெரிய அளவில் திட்டுக் கட்டத் தொடங்கிய முன்னோடிகளே கடற்பஞ்சுகள்தான். கேம்ப்ரியன் தொடக்கத்தில், சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்க்கியோசயாத் என்ற ஒரு கூட்டம். சைபீரியாவில்தான் முதலில் தலைகாட்டின. பிறகு ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலை, மொராக்கோ, அண்டார்டிகா வரைக்கும் பரவின. பெரும்பாலும் விரல் பருமன்தான். ஒரு டீ கிளாசுக்குள் இன்னொரு சின்ன கிளாஸை வைத்து, நடுவில் தடுப்புக் கொடுத்தால் எப்படியோ அப்படி. ரெண்டு சுவரிலும் ஓட்டைகள். வெளிச்சுவர் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, உணவைக் கொடுத்துவிட்டு, நடுக்குழி வழியாக மேலே வெளியேறும். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகள் செழித்துவிட்டு ஏறக்குறைய ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயின. அந்தச் சமயத்தில் இன்று நாம் பார்க்கும் திட்டுப் பவளம் பிறக்கவே இல்லை. அது ஜுராசிக்குக்கு முந்தைய ட்ரயாசிக் காலத்தில்தான் வருகிறது.

அடுத்து ஸ்ட்ரொமாட்டோபோராய்டு. கேம்ப்ரியனுக்கு அடுத்த ஆர்டோவிசியன் காலத்தில் கிளம்பி, சிலூரியன், டெவோனியன் காலங்களில் பழைய வகைப் பவளங்களோடு சேர்ந்து உலகம் பூராவும் திட்டுக் கட்டியவை. படிவத்தை வெட்டினால் மெல்லிய கிடைத் தகடுகள், அவற்றைத் தாங்கும் குட்டிக் குட்டித் தூண்கள், வேறொன்றும் இல்லை. கனடாவின் அல்பெர்ட்டாவில் 1947இல் லெடுக் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டதே, அது இந்த டெவோனியன் திட்டுகளுக்குள் தேங்கியிருந்த எண்ணெய்தான். சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் இந்தத் திட்டுகள் சரிந்தன.

டெவோனியனுக்குப் பிறகு வந்த பெர்மியன் காலத்தில் மறுபடி கடற்பஞ்சு. டெக்சாஸின் குவாடலூப் மலை முழுக்க அந்தக் காலத்துத் திட்டுதான். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பல பஞ்சுகள் நிமிர்ந்து வளரவில்லை. திட்டுக்குள் இருந்த பொந்துகளின் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கி வளர்ந்தவை.

சந்தேகசாமி:
நிறுத்துங்கள். கடற்பஞ்சு என்றால் நுண்முள் வேண்டும் என்று டீச்சரே சொல்கிறார். ஆர்க்கியோசயாத்தில் நுண்முள் கிடையாது. ஸ்ட்ரொமாட்டோபோராய்டில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கிடையாது. ரொம்ப நாள் அதை ஹைட்ரா வம்சத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள், ஆர்க்கியோசயாத்துக்குத் தனித் தொகுதியே கொடுத்திருந்தார்கள். எப்போது, யார் கடற்பஞ்சு என்று முடிவு செய்தது? கல்லில் ஓட்டை இருந்தால் போதுமா?

பாறைப்பித்தன்:
சாமி வழக்கம்போலச் சரியான இடத்தில் கை வைக்கிறார். திருப்பம் கல்லிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது. 1960களில் ஜமைக்காவில் தாமஸ் கோரோவும் வில்லார்ட் ஹார்ட்மனும் பவளத்திட்டின் அடியில் இருக்கும் இருட்டுக் குகைகளுக்குள் முக்குளித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் எட்டாத சுவர்களில் திடமான சுண்ணாம்புக் கட்டிகள், மேலே மட்டும் மெல்லிய ஒரு உயிர்ப் படலம். எடுத்துப் பார்த்தால் கடற்பஞ்சு! அதன் மேற்பரப்பில் நட்சத்திர வடிவில் கால்வாய்கள் ஓடுகின்றன, உள்ளே வந்த தண்ணீரைக் கூட்டிச் சேர்த்து வெளியே தள்ளுவதற்கு. ஸ்ட்ரொமாட்டோபோராய்டு மேல் அச்சு அசலாக அதே நட்சத்திரங்கள் இருப்பதை அதற்கு முன்பே எல்லாரும் பார்த்திருந்தார்கள். அது எதற்கு என்றுதான் விளங்காமல் இருந்தது. இருவரும் 1970இல் ஒப்பிட்டு எழுதிய பிறகு ஹைட்ரா கட்சி மெல்ல மெல்லக் கரைந்தது.

அந்த ஜமைக்கா வகைகளில் ஒன்று செரடோபொரெல்லா. ஆண்டுக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் வளரும். இருபது செண்டிமீட்டர் தடிமன் வர ஆயிரம் ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நுண்முள் விஷயத்துக்கு வருகிறேன். வாசெலெட்டியா என்று ஒரு கடற்பஞ்சு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்கு நுண்முள்ளே கிடையாது, சுண்ணாம்பு எலும்புக்கூடு மட்டும்தான். ஆக முள் இல்லை என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. தண்ணீர் எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது, அந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆர்க்கியோசயாத்தும் அந்த வழியில்தான் கடற்பஞ்சுக்குள் வந்து சேர்ந்தது.

குரூப் ஒன் கனவு:
சார், இதையெல்லாம் காலம், பெயர், இடம் என்று அட்டவணையாகப் போட முடியுமா? நோட்ஸுக்கு உதவும்.

சந்தேகசாமி:
தம்பி, மேலே இருப்பதைப் படித்து நீங்களே போடுங்கள். போட்டதை இங்கே ஒட்டினால் நாங்களும் சரி பார்ப்போம்.

தல்லாகுளத்தான்:
எனக்கு ஒரே ஆசைதான். கடல் கடந்து வந்த கல்லில் பார்த்தாயிற்று. நம்ம ஊர்க் கல்லில் பார்க்க முடியுமா? யானைமலை, நாகமலை, அழகர்கோவில் பக்கம் எங்காவது?

பாறைப்பித்தன்:
வாய்ப்பே இல்லை. மதுரையைச் சுற்றி இருப்பதெல்லாம் நீஸ், சார்னோக்கைட், கிரானைட். பூமிக்குள் வெகு ஆழத்தில், 800 டிகிரிக்கு மேல் வெந்து எழுந்தவை. அந்தக் கடைசி வேக்காடு நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். சைபீரியாவில் ஆர்க்கியோசயாத் திட்டுக் கட்டத் தொடங்கியபோது யானைமலைக் கல் இன்னும் பாதாளத்தில் சூடு ஆறாமல் கிடந்தது. அதில் எந்த உயிரியும் மிஞ்சாது.

அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது, சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள். ஆனால் அதுவும் வெந்து படிகமான சுண்ணாம்புக்கல். உடைத்தால் சர்க்கரை நிறத்தில் மினுமினுப்பு மட்டும்தான். சிவகங்கைப் பக்கம் போனால் மேல் கோண்டுவானா படிவுகளில் (கோண்டுவானா என்பது இந்தியா ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டம்) இலைப் படிவங்கள் உண்டு, ஆனால் அது நிலத்துச் சங்கதி, கடல் திட்டு கிடையாது.

நமக்குக் கிட்டத்தில் என்றால் அரியலூர், பெரம்பலூர், கல்லக்குடி வட்டாரம்தான். திருச்சி தாண்டிக் கொஞ்ச தூரம்.

மேலூர் டீச்சர்:
கல்லக்குடி என்றாலே 1953 டால்மியாபுரம் பெயர் மாற்றப் போராட்டம்தான் ஞாபகம் வரும். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே திட்டு இருந்ததா?

பாறைப்பித்தன்:
அதே ஊர்தான் டீச்சர். அங்கே சிமெண்டுக்குத் தோண்டிய சுண்ணாம்புக்கல் குவாரியில் வெளிப்பட்டது கிரிட்டேசியஸ் காலத்து, சுமார் 10 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட, பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டு. இந்தியா கோண்டுவானாவிலிருந்து பிய்த்துக்கொண்ட பிறகு கடல் உள்ளே ஏறி வந்த காலம் அது. இங்கே கடற்பஞ்சு முதன்மைக் கொத்தனார் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வட்டாரத்துப் படிவங்களில் கடற்பஞ்சும் உண்டு. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிரிகளைப் பற்றி எழுதிய பெரிய தொகுதிகளின் கடைசிப் பகுதி 1873இல் வந்தது. பவளங்களை விவரித்துவிட்டுக் கடற்பஞ்சுகளுக்கும் அதில் குறிப்பு எழுதியிருக்கிறார். அடுத்த வருஷமே யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். லேயில்தான் அவர் கல்லறை.

நல்ல சிலிக்காக் கடற்பஞ்சுப் படிவம் நம் நாட்டிலேயே வேண்டும் என்றால் குஜராத்தின் கட்ச். நடு ஜுராசிக் காலத்தவை, முறையாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அரியலூர் போகிறவர்கள் வாரணவாசியில் இருக்கும் அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். பிறகு காரை பக்கம் செம்மண் ஓடைகளில் பெலம்னைட் கண்ணில் படும். சாத்தனூர்க் கல்மரம் வேறு ரகம், ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு அந்தப் பதினெட்டு மீட்டர் மரத்தைப் பார்க்காமல் வருவது பாவம். குவாரிக்குள் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். வெடி வைக்கும் இடம்.

பாம்பன்காரன்:
ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கும் ஒன்று. தீவில் கரையோரம் மேலே தூக்கி நிற்கும் பழைய பவளத்திட்டு இருக்கிறது, மனிதன் வரலாற்றுக் கணக்கில் பழசு, பாறைப்பித்தன் கணக்கில் நேற்றையது. பார்க்கலாம், படம் எடுக்கலாம். உயிருள்ள பவளமோ செத்ததோ, பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது, சோதனையில் மாட்டினால் சுற்றுலா அங்கேயே முடிந்துவிடும்.

சந்தேகசாமி:
எல்லாம் சரி. நான் கடைசியாக ஒரு குண்டு போடுகிறேன். 2021இல் எலிசபெத் டர்னர் என்ற கனடா ஆய்வாளர் நேச்சர் இதழில் ஒன்று எழுதினார். வடமேற்குக் கனடாவில் 89 கோடி ஆண்டுப் பழைய நுண்ணுயிர்த் திட்டுகளில் கடற்பஞ்சு மாதிரி வலைப்பின்னல் இருக்கிறதாம். நீங்கள் சொன்ன ஆர்க்கியோசயாத்துக்கு 37 கோடி ஆண்டு முன்னால். நுண்முள் இல்லை, சுவர் இல்லை, நடுக்குழி இல்லை, தண்ணீர் போக்குவரத்தும் காட்டவில்லை. நுண்ணிய குழாய்கள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன, அவ்வளவுதான். இதையும் கடற்பஞ்சு என்று ஏற்பீர்களா?

பாறைப்பித்தன்:
அவர் தலைப்பிலேயே "இருக்கலாம்" என்றுதான் போட்டிருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வாதம் இது: இன்றைய குளியல் பஞ்சு வகைகளுக்கு உள்ளே கொம்புப் பொருளால் ஆன மென்மையான இழைவலை உண்டு. அந்த மாதிரி ஒரு பஞ்சு சுண்ணாம்புச் சேற்றுக்குள் இறுகினால் இழைகள் இருந்த இடம் குழாய்களாக மிஞ்சும். அந்தக் குழாய்கள் கிளை பிரிந்து மறுபடி சேரும் விதம், பிற்காலத்து நம்பகமான படிவங்களோடு ஒத்துப்போகிறது. இடமும் பொருந்துகிறது. ஒளி தேடும் நுண்ணுயிர்கள் குடியேறாத இடுக்குகளில்தான் இவை இருக்கின்றன.

எதிர்க்கட்சிக்கும் பலம் உண்டு. பூஞ்சையோ பாசியோகூட அப்படிக் குழாய் விடலாம். நடுவில் அத்தனை கோடி ஆண்டுகளுக்கு ஐயமற்ற கடற்பஞ்சு ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், நான் இதை வழக்கு நிலுவையில் என்றுதான் வைப்பேன்.

சந்தேகசாமி:
நான் தள்ளுபடி. ஸ்ட்ரொமாட்டோபோராய்டுக்கு ஜமைக்கா சாட்சி வந்தது. இதற்கு அப்படி உயிருள்ள சாட்சி எங்கே?

மேலூர் டீச்சர்:
உயிருள்ள சாட்சி தாமதமாகவும் வரலாம் சாமி. ஜுராசிக் கண்ணாடிப் பஞ்சுத் திட்டு (சிலிக்கா முள் கொண்ட பஞ்சுகள் கட்டியது) மாதிரி இன்று எங்கும் கிடையாது என்று நினைத்திருந்தார்கள். 1987இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரம் கடலடி வரைபடம் போடப் போனவர்கள் உயிரோடு இருக்கும் திட்டுகளையே கண்டார்கள். சுமார் 9000 ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று வளர்ந்து வந்தவை. அதில் பல இடங்களை இழுவலைகள் நொறுக்கியிருந்தன. 2017இல்தான் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஆக்கினார்கள். தல்லாகுளத்தான் கல்லில் இருப்பதன் உறவுக்காரர்கள் அங்கே இப்போதும் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எடுத்துப் பேசப்போகிறேன்.

பாறைப்பித்தன்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இணையத்தில் ஃபாஸில் மிண்ட் என்று ஒரு மணற்கல் விற்கிறார்கள், செடி கொடி படர்ந்த மாதிரி கோலம் தெரியும். அது புதைபடிவமே இல்லை. விரிசலுக்குள் ஊறிய மாங்கனீசு, இரும்புத் தாது கிளை விட்டுப் படிந்தது. பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கிவிடாதீர்கள்.

பாலிஷ் பாண்டி:
தல்லாகுளத்து அண்ணே, கல் எடுத்தாயிற்றா? சுவருக்கு என்றால் தாராளமாக எடுங்கள். அடுப்படி மேடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். புளித்தண்ணீர் ஒரு ராத்திரி நின்றால் போதும், அந்த இடம் மங்கிவிடும், மறுபடி பாலிஷ் கூலிதான். எலுமிச்சைக்கும் அதே கதி.

தல்லாகுளத்தான்:
சுவருக்கு மட்டும்தான் தம்பி. செங்குத்து அறுப்பு ஸ்லாப்பாகவே ரெண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பவளம் என்று சொன்ன விலையைக் கடற்பஞ்சு என்று சொல்லிக் குறைக்கப் பார்த்தேன், "அப்போ இன்னும் அபூர்வம் சார்" என்கிறான்.

குரூப் ஒன் கனவு:
அட்டவணை போட்டுவிட்டேன், ராத்திரி ஒட்டுகிறேன். வேறு ஒன்று: அரியலூரில் என் மாமா வீட்டு வாசலில் கிடந்த சுண்ணாம்புக்கல் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். மேலே ஒரே புழுதி, ஒன்றும் தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

பாறைப்பித்தன்:
சுத்தியலால் உடைக்காதே தம்பி. தட்டையாக வெட்டி, உப்புத்தாள் முரட்டு ரகத்தில் தொடங்கி மென்மையான ரகம் வரை தேய்த்து, தண்ணீர் தடவிப் பார். ஒரே கல்லை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ரெண்டு திசையில் வெட்டினால்தான் வடிவம் பிடிபடும். எந்த ஊரில் எடுத்தது என்று கல்லிலேயே பேனாவால் எழுதி வை.

பாலிஷ் பாண்டி:
கட்டர் நம்மிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தம் பக்கம் கொண்டு வாங்க தம்பி, தண்ணீர் விட்டு மெதுவாக வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்க. வெட்டும்போது முகத்துக்குத் துணி கட்டிக்கணும், சொல்லிட்டேன்.

சந்தேகசாமி:
நானும் வருகிறேன். பவளம் வந்தால் டீ என் செலவு.